வாட்ஸ்அப் ரிவ்யூ: ரெண்டு டிக்கு, லாஸ்ட் சீன், அப்புறம் நம்ம சொந்தக்காரங்க

வாட்ஸ்அப்புக்கு போய் யாராவது ரிவ்யூ எழுதுவாங்களான்னு கேப்பீங்க. மிக்ஸி வாங்கறதுக்கு முன்னாடி பத்து பேர் ரிவ்யூ படிக்கிறோம், காலைல கண்ணு முழிச்சதும் கை தேடுற இந்த ஆப்ப மட்டும் ஒரு கேள்வி கேக்காம வீட்டுக்குள்ள விட்டுட்டோம். அதான் எழுதுறேன். வீடியோ குவாலிட்டி, பேக்கப், ஸ்டோரேஜ் பத்தியெல்லாம் எழுத நிறைய பேர் இருக்காங்க. எனக்கு அதுல இருக்கற சின்ன சின்ன வார்த்தைங்க தான் விஷயம். ஆன்லைன், லாஸ்ட் சீன், டைப்பிங், ஃபார்வேர்டட், லெஃப்ட், அந்த ரெண்டு டிக்கு. இதுக்கெல்லாம் கம்பெனி வச்ச அர்த்தம் ஒண்ணு, நம்ம வீட்ல எடுத்துக்கற அர்த்தம் வேற, இந்த ரெண்டுக்கும் நடுவுல தான் பாதி மனஸ்தாபம் ஓடுது.

பழைய கதை கொஞ்சம். 2009ல ஜான் கூம்னு ஒருத்தர், யாஹூல வேலை பாத்துட்டு வெளிய வந்தவர், ஆரம்பிச்சது இது. பிரையன் ஆக்டன் அவரோட பழைய யாஹூ கூட்டாளி, கொஞ்சம் பின்னாடி சேந்தார். கூம் மொதல்ல செஞ்சது மெசேஜ் ஆப்பே கிடையாது. போன்ல இருக்கற பேருக்கு பக்கத்துல அந்த ஆள் இப்ப எப்படி இருக்கார்னு ஒரு வரி காட்டும், அவ்ளோதான். ஜிம்ல இருக்கேன், மீட்டிங்ல இருக்கேன், பேட்டரி போகப்போகுது, இப்படி. அதே வருஷம் ஜூன்ல ஆப்பிள் புஷ் நோட்டிஃபிகேஷன் கொண்டு வந்ததும், ஒருத்தர் வரிய மாத்தினா கூட்டாளிங்க எல்லாருக்கும் டிங்குன்னு போச்சு, அவங்களும் அதுலயே பதில் போட ஆரம்பிச்சாங்க, அப்படியே மெசேஜ் ஆப்பா மாறிருச்சு. அந்த காலத்து மிச்சம் தான் "ஹே தேர்! ஐ ஆம் யூஸிங் வாட்ஸ்அப்". உங்க பெரியப்பா ப்ரொஃபைல திறந்து பாருங்க, இன்னும் அதுவே இருக்கும்.

இதை ஏன் சொல்றேன்னா இந்த ஆப் பொறந்ததே "இப்ப கூப்பிட்டா தொந்தரவா இருக்குமா"ன்னு தெரிஞ்சுக்கறதுக்கு. ஒரு மரியாதைக்கு பொறந்தது. அதை வாங்கி நம்ம ஆளுங்க "ஆன்லைன்ல இருந்தியே, ஏன் எடுக்கல"ன்னு கேக்கறதுக்கு வச்சிருக்காங்க.

டிக்குக்கு வருவோம். ஒரு சாம்பல் டிக்னா நீங்க அனுப்பினது உங்க போன விட்டு கிளம்பிருச்சு. ரெண்டு சாம்பல் டிக்னா எதிராளி போனுக்கு போய் சேந்துருச்சு. நீலம்னா அந்த சாட்ட திறந்துட்டாங்க. நீல டிக் 2014 நவம்பர்ல வந்தது, வந்ததும் ஆளாளுக்கு கத்துனதுல கொஞ்ச நாள்லயே அதை ஆஃப் பண்ற வழியும் குடுத்தாங்க. கத்துனதுல தப்பே இல்ல. திறந்தாங்கன்னா படிச்சாங்கன்னு அர்த்தமா? அடுப்புல பால வச்சிட்டு ஒரு கையால போன தொட்டா நீலம். பேரன் வீடியோ பாக்கறப்ப விரல் பட்டா நீலம். இன்னொரு பக்கம் நோட்டிஃபிகேஷன்லயே முழுசா படிச்சிட்டு உள்ள போகாம நழுவற கெட்டிக்காரங்க இருக்காங்க, அவங்களுக்கு நீலமே வராது, அவங்க தான் நல்ல பேர் எடுக்கறாங்க.

"பாத்துட்டு பதில் போடல"ங்கற வார்த்தை நம்ம ஊர்ல "என்னை மதிக்கல"ன்னு தான் போய் விழுது. இன்லேண்ட் லெட்டர் காலத்துல பதில் வர பத்து நாள் ஆனாலும் யாரும் மூஞ்சிய தூக்கி வச்சிக்கல, ஏன்னா பழி போட நடுவுல தபால்னு ஒண்ணு இருந்துச்சு. லெட்டர் லேட்டு, போஸ்ட்மேன் லீவு, மழைல நனைஞ்சு போச்சு, ஏதோ ஒண்ணு. பதில் போட மறந்தவனும் தப்பிச்சான், காத்திருந்தவனுக்கும் மனசு நோகல. நீல டிக்கு அந்த நடு ஆள வேலைய விட்டு தூக்கிருச்சு. இப்ப மறந்தா மறந்தது நீ தான், சாட்சியோட.

குரூப்ல இன்னும் ஒரு வேடிக்கை. குரூப்ல எல்லாரும் திறந்தா தான் டிக்கு நீலமாகும். போன பீரோவுக்குள்ள வச்சிருக்கற ஒரு தாத்தா உள்ள இருந்தா போதும், அந்த குரூப்ல ஆயுசுக்கும் நீலம் வராது. ஆனா மெசேஜ அழுத்தி பிடிச்சு இன்ஃபோ போனா யார் யார் எத்தனை மணிக்கு பாத்தாங்கன்னு லிஸ்டே வரும், இது எல்லா குடும்பத்துலயும் ஒரு சித்திக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும். ரீட் ரிசீட்ட, அதாவது இந்த நீல டிக்க, ஆஃப் பண்ணி வச்சா தனி சாட்ல உங்களுது அவங்களுக்கு தெரியாது, அவங்களுது உங்களுக்கும் தெரியாது, சரிக்கு சரி. குரூப்புக்கு அது செல்லாது, வாய்ஸ் நோட்டுக்கும் செல்லாது, கேட்டீங்கன்னா மைக் நீலமாகியே தீரும்.

ஒத்தை டிக்கு பத்தி ஒரு வார்த்தை. ஒத்தை டிக்கு நின்னுட்டா "என்னை பிளாக் பண்ணிட்டான்"னு முடிவே பண்ணிடறாங்க. நெட் இல்லாம இருக்கலாம், போன் ஆஃபா இருக்கலாம், பிளாக்காவும் இருக்கலாம். எதுன்னு உறுதியா சொல்ல முடியாத மாதிரி வேணும்னே தான் வச்சிருக்காங்க, பிளாக் பண்ணவங்களோட பாதுகாப்புக்காக. இந்த ஆப்ல எனக்கு ரொம்ப பிடிச்ச டிசைன் இது தான். சும்மா சும்மா தொல்லை குடுக்கற ஒருத்தன பிளாக் பண்ற பொண்ணுக்கு இந்த மூடாப்பு எவ்ளோ தேவைன்னு தெரிஞ்சவங்களுக்கு தெரியும்.

ஆன்லைன்னு காட்டுனா ஆப் அவங்க போன்ல இப்ப திறந்திருக்கு, நெட் இருக்குன்னு அர்த்தம். உங்களுக்காக உக்காந்திருக்காங்கன்னு இல்ல. மருமக ராத்திரி பதினொன்றரைக்கு ஆன்லைன்ல இருந்தான்னு ஒரு கேஸ் ஃபைல் பண்ற மாமியாருங்க இருக்காங்க, அந்த பொண்ணு ஆபீஸ் குரூப்ல நாளைக்கு ஷிஃப்ட் யாருதுன்னு பாத்துட்டு இருந்திருக்கும். மாமியார் அந்நேரத்துக்கு என்ன பண்ணிட்டு இருந்தாங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. 2022ல இருந்து ஆன்லைனையும் மறைக்கலாம், பிரைவசி உள்ள போங்க, லாஸ்ட் சீன் அண்ட் ஆன்லைன்னு இருக்கும். லாஸ்ட் சீன்ல குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் காட்டாம வைக்கற வழியும் இருக்கு. "மறைச்சா சந்தேகப்படுவாங்களே"ன்னு கேப்பீங்க. ஒரு வாரம் படுவாங்க, அப்புறம் பழகிரும்.

வாய்ஸ் நோட்டு. 2013 ஆகஸ்ட்ல வந்தது, இந்த ஆப்ல இருக்கறதுலயே உருப்படியான விஷயம்னா என்னை கேட்டா இது தான், கண்ண மூடிட்டு அஞ்சு ஸ்டார். தமிழ் சரளமா படிக்க தெரியும் ஆனா கீபோர்டுல ஒரு வரி அடிக்க அரை மணி நேரம் ஆகற அம்மாக்கள், படிக்கவே தெரியாத ஆயாக்கள், இவங்களுக்கு இதுக்கு முன்னாடி மெசேஜ்ங்கறதே இல்ல. பேரன் பேத்திய விட்டு எழுத வைக்கணும், அப்ப மனசுல இருக்கறத சொல்ல முடியுமா? இப்ப அழுத்தி பிடிச்சு பேசறாங்க, பின்னாடி கோழி கத்தும், குக்கர் விசில் அடிக்கும், "ஏய் அந்த மோட்டார நிறுத்து"ன்னு யாரையோ அதட்டிட்டு திரும்பவும் பேசுவாங்க. எழுத்துல இதெல்லாம் வராது.

துபாய், ஷார்ஜாவுல ஆள் இருக்கற வீடுகளுக்கு இது இன்னும் பெரிசு. எமிரேட்ஸ்ல வாட்ஸ்அப் கால் போகாது, அங்க இணையம் வழியா பேசறதுக்கு லைசென்ஸ் கட்டுப்பாடு, போட்டிம் மாதிரி அனுமதி வாங்கின ஆப் தான் வச்சிருப்பாங்க. மெசேஜும் வாய்ஸ் நோட்டும் மட்டும் போகும். அதனால அண்ணன் வேலை முடிஞ்சு வேன்ல வர்றப்ப ஒண்ணு பேசி அனுப்புவார், வீட்ல சாப்பாடு வேலை முடிஞ்சப்புறம் கேட்டுட்டு பதில் பேசி அனுப்புவாங்க. எண்பதுகள்ல கேசட்டுல பேசி பதிஞ்சு லீவுல ஊருக்கு வர்ற ஆள் கையில குடுத்து விட்டாங்கன்னு பெரியவங்க சொல்லி கேட்டிருப்பீங்க. மூணு மாசம் ஆன விஷயம் இப்ப மூணு நிமிஷம்.

2021ல ஒன்றரை மடங்கு, ரெண்டு மடங்கு வேகத்துல கேக்கற வசதி வந்துச்சு. அத்தையோட நோட்ட ரெண்டு மடங்குல கேளுங்க, தப்பில்ல, ஆனா அவங்க பக்கத்துல உக்காந்துட்டு கேக்காதீங்க.

இனி குரூப்பு. இங்க தான் எனக்கு நிறைய சொல்ல இருக்கு.

நம்மகிட்ட சேதி சொல்றதுக்கு ஒரு வரிசை இருக்கு, யாரும் எழுதி வைக்கல ஆனா எல்லாருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு நேர்ல வந்து தட்டுல வெத்தலை பாக்கு பழம் பத்திரிகை வச்சு குடுக்கறது ஒரு மரியாதை. வெளியூருக்கு தபால்ல அனுப்பிட்டு போன் போட்டு "அவசியம் வரணும்"னு சொல்றது அடுத்த படி. தனியா வாட்ஸ்அப்ல பத்திரிகைய போட்டுட்டு கூப்பிட்டு பேசறது அதுக்கு அடுத்தது. குரூப்ல பிடிஎஃப் போட்டு "அனைவரும் வருக"ன்னு விடறது கடைசி. இந்த கடைசி படில வர்றத அழைப்புன்னு எடுத்துக்கலாமா, தகவல்னு எடுத்துக்கலாமாங்கறதுல தான் இப்ப எல்லா ஊர்லயும் பஞ்சாயத்து ஓடுது. "குரூப்ல போட்டிருந்தோமே பாக்கலியா"ன்னு ஒரு பக்கம், "குரூப்ல போட்டா நூத்துல ஒருத்தனா நானு"ன்னு இன்னொரு பக்கம். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. பெங்களூர்ல ரெண்டு பேரும் வேலை பாத்துட்டு வாரக் கடைசில மட்டும் ஊருக்கு வர்ற ஜோடி எத்தனை வாசல் ஏறும்? ஆனா தாய்மாமனுக்கு பிடிஎஃப் அனுப்பினா அது மன்னிக்க முடியாத குத்தம், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கிடையாது.

சாவு சேதி இன்னும் மோசம். ஒரு காலத்துல தந்தின்னா வீடே நடுங்கும், பிரிக்கறதுக்கு முன்னாடியே அழுகை ஆரம்பிச்சிரும். 2013 ஜூலைல தந்தி சேவையவே மூடிட்டாங்க. அதுக்கப்புறம் போன், இப்ப குரூப். காலைல ஆறு மணிக்கு தாமரைப்பூ போட்ட குட் மார்னிங், அதுக்கு கீழ "இன்று அதிகாலை இயற்கை எய்தினார்", அதுக்கு கீழ யாரோ ஏற்கனவே மேல இருந்த தாமரைப்பூவுக்கு கட்டை விரல். அப்புறம் வரிசையா ஆர்ஐபி, ஆர்ஐபி, கும்பிடு பொம்மை. போட்டவங்க எல்லாரும் துக்கத்துல தான் போடறாங்க, அது பொய்யில்ல. ஆனா கும்பிடு பொம்மை போட்டதும் துக்கம் விசாரிச்ச கணக்கு முடிஞ்ச மாதிரி ஒரு நிம்மதி வந்துருது பாருங்க, அது தான் உறுத்துது. ஒப்பாரி வச்ச ஊர்ல மூணு எழுத்துல முடிக்கிறோம். சொந்தத்துல சாவுன்னா போன் போடுங்க, பேச முடியலன்னா சும்மா லைன்ல இருங்க.

அப்புறம் இந்த "ம்". வேற எந்த ஊர்க்காரனுக்கும் இது புரியுமான்னு தெரியல. நேர்ல பேசறப்ப "ம்"னா கேட்டுட்டு இருக்கேன் சொல்லுன்னு அர்த்தம், பாட்டி கதை சொல்றப்ப "ம்" கொட்டலன்னா கதைய நிறுத்திடுவாங்க. சாட்ல அதே "ம்" ஒத்தையா வந்தா கோவம், இல்லன்னா போதும் நிறுத்து. புள்ளி வச்ச ஒரு எழுத்து, நைட்டு தூக்கத்த கெடுக்கும். கட்டை விரலும் அப்படித்தான், ஐம்பது வயசுக்காரர் போட்டா "சரிம்மா, சந்தோஷம்", இருபது வயசு பொண்ணு வாங்கினா "அப்பா என்மேல கடுப்புல இருக்கார்". இதுக்கு ஆப் என்ன பண்ணும், பாவம்.

குரூப்ல இருந்து வெளிய போறது முன்னாடி பெரிய அசிங்கம், இன்னார் லெஃப்ட்னு நடு வாசல்ல எழுதி ஒட்டிடும், உடனே ஒரு மாமா "யாரு என்ன சொன்னா அவன"ன்னு விசாரணை கமிஷன் வைப்பார். 2022ல இருந்து சத்தமில்லாம போகலாம், அட்மினுக்கு மட்டும் தான் தெரியும். ஆனா போனவங்க யாருன்னு 60 நாளைக்கு மெம்பர் லிஸ்ட் பக்கத்துல தேடினா கிடைக்கும், சித்தி தேடுவாங்க. அதனால நான் சொல்ற வழி மியூட். எப்பவும்னு போட்டு மியூட் பண்ணி ஆர்க்கைவ்ல தள்ளிருங்க, யாருக்கும் தெரியாது, உறவும் இருக்கும் காதும் பிழைக்கும்.

ஃபார்வேர்டட்ங்கற வார்த்தைல மட்டும் விளையாட்டுக்கு இடமில்ல. 2018 மே மாசம் திருவண்ணாமலை மாவட்டத்துல குலதெய்வம் கோயிலுக்கு காருல வந்த ஒரு குடும்பம் வழி கேட்டு நிறுத்துனாங்க, அங்க இருந்த குழந்தைங்களுக்கு சாக்லேட் குடுத்தாங்க. பிள்ளை பிடிக்கறவங்கன்னு ஊரே கூடி அடிச்சதுல வயசான ஒரு அம்மா செத்தே போனாங்க. வடநாட்டுல இருந்து பிள்ளை பிடிக்கறவங்க வந்திருக்காங்க உஷார்னு அந்த சமயத்துல போன் போனா சுத்துன வதந்தி தான் காரணம். அந்த வருஷம் நாட்டுல வேற வேற மாநிலத்துலயும் இதே மாதிரி கொலைங்க நடந்துச்சு. அதுக்கப்புறம் தான் ஜூலைல ஃபார்வேர்டட்னு லேபிள் ஒட்டுனாங்க, இந்தியாவுல ஒரு தடவைக்கு அஞ்சு சாட்டுக்கு மேல தள்ள முடியாதுன்னு வச்சாங்க. ஏற்கனவே பல கை மாறி வந்ததுன்னா ரெட்டை அம்புக்குறி போட்டாங்க, 2020 ஏப்ரல்ல இருந்து அதை ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்கு தான் அனுப்ப விடறாங்க.

அந்த ரெட்டை அம்புக்குறிய நம்ம வீட்டு பெரியவங்க எப்படி படிக்கிறாங்க தெரியுமா? "நிறைய பேர் அனுப்பிருக்காங்க, அப்ப உண்மையா தான் இருக்கும்." கம்பெனி எச்சரிக்கைன்னு வச்சது சிபாரிசா போய் சேருது. இதுக்கு லேபிள் பத்தாது, வீட்டு பிள்ளைங்க உக்காந்து சொல்லி குடுக்கணும், குரூப்ல வச்சு மூக்க உடைக்காம தனியா கூப்பிட்டு சொல்லணும். குரூப்ல "பொய் செய்தி பெரியப்பா"ன்னு போட்டா அவர் அடுத்த நாள்ல இருந்து இன்னும் ரெண்டு சேத்து அனுப்புவார், அதுவும் உங்களுக்குன்னே.

ஸ்டேட்டஸ் பத்தி ரொம்ப பேச வேண்டாம். 2017ல இப்ப இருக்கற மாதிரி 24 மணி நேர படமா மாத்துனாங்க. நம்ம ஊர்ல அதோட வேலை ஒண்ணு தான், ஒரே ஒரு ஆளு பாக்கணும்னு இருநூறு பேருக்கு போடறது. "முதுகுல குத்துனவங்களுக்கு நன்றி"ன்னு ஒரு சினிமா டயலாக் ஓடும், யாருக்குன்னு அந்த யாருக்கு தெரியும், மத்த எல்லாரும் "என்னையா சொல்றாங்க"ன்னு பயந்துட்டு இருப்பாங்க. நேர்ல கேட்டா "சும்மா நல்லா இருந்துச்சுன்னு வச்சேன்". ஜாடை பேசறதுக்கு இத விட தோதா ஒரு கருவி இது வரைக்கும் யாரும் கண்டுபிடிக்கல.

சாட் மேல மஞ்சள் பெட்டில எண்ட் டு எண்ட் என்கிரிப்டட்னு ஒண்ணு வரும், அதை பாதி பேர் ஏதோ வைரஸ் வார்னிங்னு நினைச்சிட்டு இருக்காங்க. 2016 ஏப்ரல்ல எல்லா மெசேஜுக்கும் காலுக்கும் வந்தது. நீங்க அனுப்பறத நடுவுல கம்பெனியும் படிக்க முடியாது, ஆனா யார் யார்கூட எப்ப தொடர்புல இருக்காங்கங்கற மேல் விவரம் அவங்ககிட்ட போகும், அது வேற. கூகுள் டிரைவ் பேக்கப்புக்கு பூட்டு தனியா போடணும், செட்டிங்ஸ்ல இருக்கு, 2021ல வந்த வசதி, போட்டு வச்சிக்கோங்க. ஆனா எனக்கு தெரிஞ்சு குடும்பத்துல ரகசியம் வெளிய போனதெல்லாம் ஸ்கிரீன்ஷாட்ல தான். அதுக்கு என்கிரிப்ஷன் ஒண்ணும் பண்ணாது. டெலீட் ஃபார் எவ்ரிஒன் ரெண்டு நாளுக்கு மேல டைம் குடுக்குது, ஆனா "மெசேஜ் டெலீட் செய்யப்பட்டது"ன்னு ஒரு தடம் விட்டுட்டு தான் போகும், அந்த தடத்துக்கு விளக்கம் சொல்றதுக்கு மெசேஜையே விட்டு வச்சிருக்கலாம். எழுத்துப் பிழைன்னா 15 நிமிஷத்துக்குள்ள எடிட் பண்ணிருங்க, அது மேல்.

காசு. ஆரம்பத்துல வருஷத்துக்கு ஒரு டாலர்னு ஒரு கணக்கு இருந்துச்சு, நம்ம ஊர்ல அதை கட்டுனவங்கள நான் பாத்ததே இல்ல. "இத பத்து பேருக்கு அனுப்பலன்னா வாட்ஸ்அப் காசு கேக்கும்"னு சுத்துன மெசேஜ தான் எல்லாரும் பாத்திருக்கோம். 2016 ஜனவரில அந்த கட்டணத்தையே எடுத்துட்டாங்க. அதுக்கு முன்னாடியே 2014ல ஃபேஸ்புக் 19 பில்லியன் டாலர் விலை பேசி வாங்கிருச்சு. விளம்பரம் கிடையாது, கேம் கிடையாது, ஏமாத்து வேலை கிடையாதுன்னு துண்டு சீட்டு எழுதி டேபிள்ல வச்சிருந்தவங்க கூமும் ஆக்டனும். 2017ல ஆக்டன் வெளிய போயிட்டார், 2018ல கூமும். ஆக்டன் போன கையோட 50 மில்லியன் டாலர் போட்டு சிக்னல் ஃபவுண்டேஷன ஆரம்பிச்சார். சிக்னல் நல்ல ஆப் தான், நானும் வச்சிருக்கேன், அதுல பேச சொந்தக்காரங்க யாரும் இல்ல, ஒரு விதத்துல அதுவும் நிம்மதி.

2025 ஜூன்ல ஸ்டேட்டஸ் பக்கத்துல விளம்பரம் வரும்னு அறிவிச்சாங்க. சாட்டுக்குள்ள வராதுன்னு சொல்லிருக்காங்க. இப்போதைக்கு அஞ்சுக்கு மூணரை குடுக்கறேன், வாய்ஸ் நோட்டுக்கும் அந்த ஒத்தை டிக்கு மூடாப்புக்கும். அம்மா பேசுன வாய்ஸ் நோட்டுக்கும் அண்ணன் பதிலுக்கும் நடுவுல என்னிக்காவது ஒரு பற்பசை விளம்பரம் வந்துச்சுன்னா ரெண்டு ஸ்டார பிடுங்கிட்டு வந்து இதே ரிவ்யூவ திருத்துவேன்.